கொல்லைப் பாத்தியும் தோட்டத் தமிழரும்

மலாக்கா மாநிலத்தின் வடபகுதியில் அமைந்துள்ள அலோர் காஜா, தன் பழமையைப் பெயரிலேயே தாங்கி நிற்கும் ஊர். அலோர் என்பது மலாய் மொழியில் நீரோடும் தடத்தைக் குறிக்கும். காஜா என்பது யானை. இவ்வட்டாரத்தைப் பற்றி எழுதப்பெறும் வரலாறுகள் பெரும்பாலும் நானிங் போரிலிருந்தே தொடங்குகின்றன. விளைச்சலில் பத்தில் ஒரு பங்கை வரியாகக் கேட்ட ஆங்கிலக் கும்பினியாரை எதிர்த்து நானிங்கின் தலைவர் டோல் சைட் 1831, 1832 ஆகிய ஆண்டுகளில் போரிட்டார் என்பதை மாணவர்கள் பாடநூலிலேயே படிக்கின்றனர். மண்ணில் விளைந்தது யாருக்கு உரியது என்பதே அப்போரின் அடிப்படை வினா. பின்னாளில் அதே மண்ணில் குடியேறிய தமிழ்த் தொழிலாளரின் வாழ்விலும் அவ்வினா மிகச் சிறிய அளவில், ஒரு கீரைப் பாத்தியின் அளவில், மீண்டும் மீண்டும் எழுந்தது. அப்பாத்தியின் வரலாற்றைக் கூறுவதே இக்கட்டுரை.

நானிங் போருக்குப் பின்னர் மலாக்காவின் உட்பகுதிக் காடுகளை அழித்துச் சீன முதலாளிகள் மரவள்ளி பயிரிட்டனர். கிழங்கு மாவு ஏற்றுமதி பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பாதியில் செழித்தது. மரவள்ளி மண்ணின் சாரத்தை விரைந்து உறிஞ்சும் பயிர். சில ஆண்டுகளுக்குப் பின் நிலத்தை லாலாங் புல்லுக்கு விட்டுவிட்டு வேறிடம் பெயர்வதே அன்றைய வழக்கம். இந்நிலையில்தான் டான் சே யான் என்பார் 1896இல் மலாக்காவின் புக்கிட் லிந்தாங்கில் இரப்பரை வணிக முறையில் நட்டார். மலாயாவின் முதல் இரப்பர்த் தோட்டங்களுள் ஒன்று அது. அதனை அடுத்து வந்த ஆண்டுகளில் மலாக்காவின் குன்றுச் சரிவுகளெல்லாம் பால்மரக் காடுகளாயின. 1905இல் புலாவ் செபாங்கிலுள்ள தம்பின் நிலையத்திலிருந்து மலாக்கா நகருக்குக் கிளை இரயில்பாதை திறக்கப்பெற்றது. கங்காணிகள் தமிழகத்திலிருந்து அழைத்து வந்த மக்கள் இவ்வட்டாரத் தோட்டங்களில் குடியமர்ந்தனர்.

அவர்கள் வாழ்ந்த லயங்களில் ஒரு குடும்பத்துக்கு ஓர் அறையும் ஒரு முன்தாழ்வாரமும் இருந்தாலே பெரிது. விடியுமுன் பிரட்டுக்கு நிற்க வேண்டும். பின் மரம் வெட்டிப் பால் எடுத்து நிறுவைக் கொட்டகையில் கொடுத்துத் திரும்புகையில் பொழுது உச்சியைக் கடந்துவிடும். அரிசி, பருப்பு, கருவாடு, மிளகாய், எண்ணெய் யாவும் தோட்டத்துக் கடையில் கணக்குப் புத்தகத்தில் எழுதி வாங்கப்பட்டன. சம்பள நாளில் அவை கூலியிலிருந்து கழிந்தன. இக்கணக்கில் அடங்காத ஒன்று உண்டு. அது பச்சிலை. கீரையோ கறிவேப்பிலையோ கொத்தமல்லித் தழையோ கடையிலிருந்து வரவில்லை. வீட்டுப் பெண்கள் லயத்தின் பின்புறத்தில் கைப்பட வளர்த்ததே அடுப்புக்கு வந்தது. தொழிலாளியின் உணவில் கடன் எழுதப்படாத பகுதி என்று அதனைக் கூறலாம்.

லயத்துக் கொல்லையில் முதலிடம் கறிவேப்பிலைக்குத்தான். குளிக்கும் நீரும் பாத்திரம் கழுவும் நீரும் வழிந்தோடும் இடத்தில் அதனை நடுவர்; தனியே நீர் ஊற்றத் தேவையில்லை. புளித்த மோரை வேரில் ஊற்றினால் தழைக்கும் என்பது தமிழகத்திலிருந்து உடன்வந்த நம்பிக்கை. இவ்விலையின் தமிழ்ப் பழமைக்குச் சான்று தேடி அலைய வேண்டியதில்லை. பெரும்பாணாற்றுப்படை இதனைக் கஞ்சகம் என்னும் பெயரால் குறிக்கின்றது. மாதுளங்காயை வெண்ணெயில் வேகவைத்து, மிளகும் கறிவேப்பிலையின் இளந்தழையும் சேர்த்துச் சமைத்த உணவை அந்நூல் காட்டுகின்றது. ஈராயிரம் ஆண்டுக்கால வழக்கம் அம்மியும் சட்டியும் உள்ள இடமெல்லாம் தொடர்ந்து வந்திருக்கின்றது.

அதன் அறிவியற் பெயரிலும் தமிழ்நாட்டுத் தொடர்பொன்று உண்டு. தரங்கம்பாடிக்கு 1768இல் மருத்துவராக வந்த யோகான் கெரார்டு கோனிக் என்னும் தாவர அறிஞரின் பெயரையே லின்னேயசு அச்செடிக்குச் சூட்டினார். அதே கோனிக் 1779ஆம் ஆண்டளவில் சயாமுக்கும் மலாக்காவுக்கும் பயணம் மேற்கொண்டு தாம் கண்ட செடிகொடிகளைக் குறித்து வைத்தார். தரங்கம்பாடிக் கரையும் மலாக்காக் கரையும் கூலிக் கப்பல் வருவதற்கு நெடுங்காலம் முன்பே ஒருவருடைய நாட்குறிப்பில் சந்தித்திருக்கின்றன!

கறிவேப்பிலையைக் கடல் கடத்துவது எளிதன்று. அதன் விதை, பழம் கனிந்து விழுந்ததும் ஈரத்தோடு ஊன்றப்பட வேண்டும். உலர்த்திச் சேமித்தால் முளைக்கும் ஆற்றல் விரைவில் அழிந்துவிடும். நாகப்பட்டினத்திலிருந்து பினாங்குக்குக் கப்பற்பயணம் ஏறத்தாழ ஒரு வாரம். அதன்பின் தொற்றுநோய்த் தடுப்பு முகாமில் தங்கல். ஆகவே, முடிச்சில் கட்டிய உலர்ந்த விதையாக அது தோட்டத்துக்கு வந்திருத்தல் அரிது. முன்பே இந்நாட்டில் வேரூன்றியிருந்த மரங்களின் பக்கக் கன்றுகளே லயத்துக்கு லயம் கைமாறியிருத்தல் வேண்டும். மலாக்காவில் தமிழர் வாழ்வு இரப்பருக்கு நெடுங்காலம் முற்பட்டது. சுல்தான்கள் காலத்து வணிகரின் வழிவந்த மலாக்காச் செட்டி மக்கள் காஜா பெராங்கில் இன்றும் வாழ்கின்றனர். அவர்கள் எழுப்பிய பொய்யாத விநாயகர் ஆலயம் 1781ஆம் ஆண்டைச் சார்ந்தது. மொழி மலாயாகி விட்ட பின்னும் அவர்களின் அடுக்களையில் தமிழ் மணம் மாறவில்லை. தோட்டத்துத் தமிழர் தமக்கு முன்னே வந்த தமிழரை வரலாற்றில் அறிந்திருந்தனரோ இல்லையோ, இலையின் வழியே அவர்களுக்கு உறவினராயினர்.

கொத்தமல்லியின் கதை இதற்கு நேர்மாறானது. அதன் விதை மல்லி என்னும் பெயரில் கறிச்சரக்காகவே எவ்வளவு தொலைவும் போகும். சமையலுக்கு வாங்கியதில் ஒரு பிடி எடுத்து விதைத்தால் போதும். ஆனால், வந்து சேர்ந்த நாட்டின் வெப்பமும் மழையும் அதற்கு ஒத்து வரவில்லை. மல்லி என்று கூறப்படும் உருண்டை இரண்டு விதைகள் ஒட்டிய காய். அதனைப் பலகையின்மேல் இட்டு மெல்லத் தேய்த்து இரண்டாகப் பிளந்து விதைப்பதே முறை. அம்மிக் குழவியால் அழுத்தினால் நொறுங்கிவிடும். மண்ணைப் பொடியாக்கி, மாட்டெருவும் அடுப்புச் சாம்பலும் கலந்து, நீர் தேங்காதபடி பாத்தியை ஒரு சாண் உயர்த்தி, நேர் வெயிலும் கனமழையும் தாக்காமல் தென்னங்கீற்றைப் பந்தலாக இடுதல் வேண்டும். இவ்வளவு செய்தும் ஐந்தாறு வாரத்துக்குள் பறித்தாக வேண்டும். தாழ்நிலத்து வெப்பத்தில் அது தழைக்கும் முன்பே தண்டு நீட்டிப் பூத்துவிடும். பூத்தபின் இலை நூலாக மெலிந்து மணம் குன்றும். எனவே, ஒரே நாளில் முழுப் பாத்தியையும் விதைக்காமல் வாரத்துக்கு ஒரு வரிசையாக விதைப்பதே அறிந்தோர் வழக்கம்.

கொத்தமல்லியின் குடும்பம் பெரிது. சீரகம், சோம்பு, ஓமம், கேரட் ஆகிய அனைத்தும் குடைபோல் பூக்கும் அவ்வினத்தைச் சார்ந்தவையே. ஐரோப்பியர் தட்டின் ஓரத்தில் அழகுக்கு வைக்கும் சுருட்டைப் பார்ஸ்லியும் அவ்வினமே. மத்தியதரைக் கடலோரத்தைத் தாயகமாகக் கொண்ட அது முளைப்பதற்கே மூன்று நான்கு வாரம் எடுத்துக்கொள்ளும். குளிர்ந்த கேமரன் மலைக்கு ஏற்றதேயன்றி அலோர் காஜாவின் தாழ்நிலத்துக்கு ஏற்றதன்று. ஆங்கிலேயர் கொத்தமல்லித் தழையைச் சீனத்துப் பார்ஸ்லி என்று அழைத்தனர். அவரவர் அடுக்களையை அளவுகோலாகக் கொண்டு பெயரிடுதல் உலக இயல்பு. தமிழ் இல்லத்தரசி பெயரிட்டிருந்தால் பார்ஸ்லியைச் சீமைக் கொத்தமல்லி என்றிருப்பாள். மலாய்க்காரர் டாவுன் சூப் என்று கூறும் தழை, செலரியின் மெல்லிய வகை. ஆட்டுச் சூப்பின்மேல் பொரித்த வெங்காயத்தோடு தூவும் அதனைத் தமிழ் முசுலிம் கடைகளும் தமதாக்கிக்கொண்டன. சீனர் சந்தையிலும் மலாய்க் கம்பத்திலும் தமிழர் லயத்திலும் ஒரே குடும்பத்து இலைகள் மூன்று பெயர்களில் மணந்தன.

இலைகள் மட்டுமின்றி அவற்றின் பெயர்களும் வேலியைத் தாண்டின. மலாய் மொழியின் மெருங்காய், ரெமுங்காய் என்பன முருங்கையின் வடிவங்களே. கறி என்னும் சொல்லே காரியாக அம்மொழியில் வழங்குகின்றது. கெத்தும்பார் என்னும் மலாய்ச் சொல், கன்னடத்தின் கொத்தம்பரிக்கும் வடமொழியின் குஸ்தும்பரிக்கும் உறவுடையது. சொல்லாராய்ச்சியில் ஈடுபடும் மாணவருக்கு அகராதியைக் காட்டிலும் சந்தைக் கூடை நல்ல ஆசான்.

இனிப் பாத்தியின் பரப்புக்கு வருவோம். கூட்டு மலாய் மாநிலங்களில் 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டத் தொகுப்பு, தன்னை நம்பி வாழ்வோரை உடைய ஒவ்வொரு தொழிலாளிக்கும் பயிரிடவோ மாடு மேய்க்கவோ ஏற்ற நிலம் ஏக்கரில் பதினாறில் ஒரு பங்கு ஒதுக்கப்பட வேண்டுமென விதித்தது. நீரிணைக் குடியேற்றங்களுள் ஒன்றாகிய மலாக்கா வேறு ஆட்சியமைப்பின் கீழ் இருந்தபோதும், தொழிலாளர் நிருவாகம் இரு பகுதிக்கும் ஒரே போக்கில்தான் நடைபெற்றது. ஏக்கரில் பதினாறில் ஒரு பங்கு என்பது தமிழர் கணக்கில் ஆறேகால் சென்ட். ஒரு குடும்பம் கீரைக்கு வெளியே கையேந்தாதிருக்க அது போதும். ஆனால், சட்டத்தின் நோக்கத்தைத் தூய அருளென்று கொள்ளுதல் பொருந்தாது. கொல்லையில் கீரையும் கிழங்கும் விளைந்தால் கூலியை உயர்த்தும் தேவை குறையும் என்பதை முதலாளிமார் நன்கு அறிந்திருந்தனர். அந்நிலம் தொழிலாளிக்கு உரிமையானதும் அன்று. வேலை உள்ளவரை கையில் இருப்பது. பட்டா இல்லாத மண்ணில் பலாவையும் தென்னையையும் நடுபவன் பேரன் காலத்தை எண்ணி நடுகிறான்; பற்றுச் சீட்டோ மாத முடிவை எண்ணுகின்றது.

அரிசிக்கு அயல்நாட்டை நம்பியிருந்த மலாயா, நெருக்கடி வரும்போதெல்லாம் கொல்லையின் பக்கம் திரும்பியது. முதல் உலகப் போரின் முடிவையொட்டி அரிசி விலை ஏறிய ஆண்டுகளில் தோட்டங்கள் உணவுப் பயிருக்கு நிலம் ஒதுக்கும்படி தூண்டப்பட்டன. 1929இல் தொடங்கிய உலகப் பொருளாதார வீழ்ச்சியில் இரப்பர் விலை சரிந்து, கூலி குறைக்கப்பட்டு, இலட்சத்துக்கும் மேற்பட்ட இந்தியர் தாயகத்துக்குத் திருப்பியனுப்பப்பட்டனர். எஞ்சியோர் அரைக் கூலியில் காலந்தள்ளியபோது லயத்துப் பாத்திகள் அகன்றன. விலை ஏறியதும் அவற்றை மறந்தனர். 1938இல் இந்திய அரசு உடலுழைப்புத் தொழிலாளர் மலாயாவுக்கு வருவதைத் தடை செய்தது. அதன்பின், லயங்களில் வளர்ந்த தலைமுறை பெரும்பாலும் இம்மண்ணிலேயே பிறந்த தலைமுறை ஆயிற்று.

கொல்லை உயிர்காக்கும் நிலமாக மாறியது சப்பானியர் ஆட்சியில்தான். 1941 டிசம்பர் 8ஆம் நாள் கோத்தா பாருவில் இறங்கிய படை 1942 சனவரியில் மலாக்காவைக் கைப்பற்றியது. போருக்கு முன் மலாயா உண்ட அரிசியில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு பர்மாவிலிருந்தும் சயாமிலிருந்தும் வந்தது. அவ்வரவு சுருங்கிற்று, பால் வெட்டு நின்றது, கூலியும் நின்றது, வாழைமரம் அச்சிட்ட சப்பானிய நோட்டு நாளுக்கு நாள் மதிப்பிழந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் சீன முதலாளிகள் செல்வம் தேடி நட்ட மரவள்ளியை, அதே மண்ணில், தமிழ்த் தொழிலாளர் பசிக்கு நட்டனர். சர்க்கரைவள்ளியும் கேழ்வரகும் அதனோடு சேர்ந்தன. கேழ்வரகு ஒன்றே பழைய ஊர்களிலிருந்து அறிமுகமான முகம்.

ஈண்டு ஓர் உண்மையைக் குறிப்பிடுதல் தகும். நெகிரி செம்பிலானில் பணியாற்றிய மருத்துவர் பிராடன், தீட்டிய அரிசியை உண்போரைத் தாக்கிய பெரிபெரி நோய் புழுங்கலரிசி உண்ட தமிழரை அணுகவில்லை என்பதை 1907இல் நூலாகவே எழுதி வெளியிட்டார். ஃபிரேசர், ஸ்டான்டன் ஆகியோரின் ஆய்வுகள் பின்னர் அதனை நிறுவின. தமிழரைக் காத்த அந்தப் புழுங்கலரிசிதான் 1942க்குப் பின் கிடைக்காமற் போனது. கிழங்கில் மாவுச்சத்து உண்டு; பிற சத்துகள் மிகக் குறைவு. ஊட்டமின்மையும் புண்ணும் மலேரியாவும் லயங்களைச் சூறையாடின. அந்நாளில் முருங்கைக் கீரையும் பொன்னாங்கண்ணியும் மரவள்ளிக் கொழுந்தும் கறிக்குத் துணையாக நில்லாமல் உணவாகவே ஆயின. மரவள்ளியின் இலையிலும் கிழங்கிலும் நஞ்சு உண்டாதலால், நன்றாக வேகவைத்து நீரை வடித்த பின்பே உண்ண வேண்டும். அதன் கொழுந்தைச் சமைக்கும் பக்குவம் மலாய்க்காரரிடம் நெடுங்காலமாக உள்ளது.

ஆண்கள் பலரை அக்காலத்தில் லயத்தில் காண்பதரிது. சயாம்–பர்மா இரயில்பாதை அமைக்க 1942 முதல் 1943 வரை மலாயாத் தோட்டங்களிலிருந்து பல்லாயிரவர் கொண்டு செல்லப்பட்டனர். அவர்களுள் மிகப் பெரும்பாலோர் தமிழர். பாதிக்கு அருகில் மாண்டோர் தொகையைச் சிலர் கணக்கிடுவர். எக்கணக்கைக் கொண்டாலும் அது நெஞ்சை நடுக்குவதே. தம்பினிலிருந்து மலாக்காவுக்குச் சென்ற கிளைப்பாதையின் தண்டவாளங்களையும் சப்பானியர் பெயர்த்தெடுத்து அப்பணிக்கே கொண்டு சென்றனர். அவ்வட்டாரத்துக்கு மக்களைக் கொண்டுவந்த இரும்பே அவர்களைப் பலி கொண்ட பாதைக்கும் போயிற்று. எஞ்சிய பெண்கள் மண்வெட்டியை எடுத்தனர். அவர்கள் எத்தனை பிள்ளைகளைக் கிழங்காலும் கீரையாலும் காப்பாற்றினர் என்பதற்கு எந்த அலுவலகத்திலும் ஏடு இல்லை. போர் வரலாறு எழுதுவோர் படைகளின் எண்ணிக்கையைத் தருகின்றனர்; பாத்திகளின் எண்ணிக்கையைத் தருவதில்லை.

போர் முடிந்து மூன்றாண்டுக்குள், 1948 சூனில், அவசரகாலம் அறிவிக்கப்பட்டது. 1950இல் வகுக்கப்பெற்ற பிரிக்சு திட்டத்தின்படி ஐந்து இலட்சம் அளவினர் புதுக்கிராமங்களுக்குப் பெயர்க்கப்பட்டது பலரும் அறிந்த செய்தி. தோட்டத் தொழிலாளரும் இலட்சக்கணக்கில் ஓரிடத்தில் தொகுக்கப்பட்டு முள்வேலிக்குள் வைக்கப்பட்டனர் என்பது அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. காட்டிலிருப்போருக்கு உணவு சென்றுவிடும் என்னும் அச்சத்தால் அரிசிக்குக் கட்டுப்பாடு வந்தது. வேலிக்கு வெளியே இருந்த கொல்லைக்கு நேரங்கெட்ட நேரத்தில் போகவியலாது. நெருங்கிய லயங்களுக்கிடையில் எஞ்சிய நிலம் ஒரு கறிவேப்பிலை மரத்துக்கும் இரண்டு முழப் பாத்திக்கும் போதுமானதாகவே இருந்தது. 1953 செப்டம்பரில் மலாக்காவின் ஒரு பகுதி நாட்டிலேயே முதலாவதாக, கட்டுப்பாடுகள் தளர்த்தப்பெற்ற வெள்ளைப் பகுதியாக அறிவிக்கப்பட்டது. மாலையில் கொல்லைக்குச் செல்லும் உரிமையும் அதனோடு திரும்பியது.

விடுதலையை ஒட்டிய ஆண்டுகளில் ஆங்கில நிறுவனங்கள் பல தம் தோட்டங்களை விற்றுச் சென்றன. வாங்கியோர் அவற்றைத் துண்டாடினர். அதன்பின் பால்மரம் போய்ச் செம்பனை வந்தது. செம்பனையும் போய் வீடமைப்பும் தொழிற்பேட்டையும் வந்த இடங்களும் உண்டு. வேலையிழந்தோருக்கு உரிய ஈட்டுத்தொகையை 1980ஆம் ஆண்டு விதிகள் வரையறுத்தன: ஐந்தாண்டும் அதற்கு மேலும் பணிபுரிந்தோருக்கு, ஆண்டொன்றுக்கு இருபது நாள் ஊதியம். பணியாற்றிய ஆண்டும் நாட்கூலியும் அக்கணக்கில் உண்டு. தாய் நட்டு மகள் நீரூற்றிய முருங்கைக்கும் நாற்பதாண்டு பறித்த கறிவேப்பிலைக்கும் அதில் இடமில்லை. சட்டம் அறிந்தோர் அதனைப் பிழையென்று கூறமாட்டார். நிலம் தோட்டத்தினுடையது, மரம் நிலத்தினுடையது. பத்தில் ஒரு பங்கு கேட்டதற்குப் போர் தொடுத்த நானிங் மண்ணில், பதினாறில் ஒரு பங்கு நிலம் எவரும் கேளாமலே கைநழுவியது.

லயங்களை விட்டுப் பெயர்ந்தோர் மலிவு விலை வீடுகளிலும் அடுக்குமாடிகளிலும் குடியேறினர். அங்கே மண் இல்லை. எண்ணெய் டின்னும் உடைந்த வாளியும் பூந்தொட்டியும் பாத்தியாயின. கொத்தமல்லியைச் சந்தையில் வாங்கிக்கொள்ளலாம். கேமரன் மலையிலிருந்து நாள்தோறும் வருகின்றது. பேரங்காடியில் சுருட்டைப் பார்ஸ்லிகூட நெகிழித் தாளில் சுற்றிக் கிடைக்கின்றது. கறிவேப்பிலையை மட்டும் வீட்டில் வைத்துக்கொள்ள வேண்டும் என்னும் எண்ணம் போகவில்லை. ஒரு குழம்புக்கு வேண்டிய ஆறு இலைக்காகக் கடைக்குப் போவது தமிழ்ப் பெண்களுக்கு இன்றும் கௌரவக் குறைவு.

லயம் இடிக்கப்பட்ட இடத்தைச் செம்பனை வரிசைகளுக்கிடையில் கண்டுபிடிக்க வேண்டுமாயின் சிமெந்துத் தரையைத் தேட வேண்டாம். மாமரத்தையும் முருங்கையையும் தேடினால் போதும். கறிவேப்பிலையை வெட்டினாலும் அதன் வேர் பக்கத்தில் கன்று விட்டுக்கொண்டேயிருக்கும். கன்றை இழுத்துப் பிடுங்கினால் பிழைக்காது. மழை பெய்து மண் இளகிய பின், தாய்வேரில் ஒரு விரல் நீளம் சேர்த்து வெட்டியெடுத்து, பெரிய இலைகளைக் கிள்ளிவிட்டு, ஈரச் சாக்கில் சுற்றி, அன்று மாலைக்குள் தொட்டியில் நட்டு நிழலில் வைத்தல் வேண்டும்.